பாலகாட் கூரையில் ஒரு கப்பலின் விட்டம்

ஜூலை கடைசிச் சனிக்கிழமை நான் கோலார் தங்கவயலுக்குப் போனதற்குக் காரணம் இந்த வலைப்பூவுக்கு வந்த ஒரு பின்னூட்டம். காரைக்கால் துறைமுகம் பற்றி நான் எழுதியிருந்த பதிவின் கீழே கௌதமி என்ற வாசகி கேட்டிருந்தார்: "சார், எங்க ஊர் புத்த விகாரைக்குப் பக்கத்துல ஒரு கூடம் இருக்கு. அதோட பெரிய விட்டத்துல ஏதோ நம்பர் செதுக்கியிருக்கு. கப்பல் மரம்னு பெரியவங்க சொல்லுவாங்க. உண்மையா இருக்குமா?" கூடவே செல்பேசியில் எடுத்த படம் ஒன்று.

புதிதாக வருபவர்களுக்காக: நான் சென்னையில் கப்பல் சர்வேயர். கப்பலின் உடம்பில் எங்கே துரு, எங்கே இற்றுப்போன மரம், இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று தட்டிப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. பாய்மரக் கப்பல்கள் என் பைத்தியம். பிரிட்டிஷ் காலத்தில் பதிவான வணிகக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் கப்பலின் நடு விட்டத்தில், அதாவது மிக அகலமான இடத்தில் இரண்டு பக்கங்களையும் இணைக்கும் பெரிய மரத்தில், உளியால் ஆழமாகச் செதுக்க வேண்டும் என்பது சட்டம். கப்பல் கைமாறிப் பெயர் மாறினாலும் எண் மாறாது.

படத்தில் இருந்தது ஐந்து இலக்க எண். 86 என்று தொடங்கி 91 என்று முடிந்தது. (முழு எண்ணை இங்கே போடவில்லை. பழைய தேக்கு வாங்கும் வியாபாரிகள் தேடி வருவார்கள், வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.) பழைய கப்பல் எண்களைத் தேடும் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். வந்தது ஓர் இரும்பு நீராவிக் கப்பல். அதில் மர விட்டம் இருக்க வழியில்லை. பொருந்தவில்லை என்று பதில் எழுதிவிட்டு மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து கௌதமி மறுபடியும் எழுதினார். விட்டத்தின் ஆணித் துளைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதாம். களிம்பு என்றால் செம்பு. வீடு கட்டுகிறவர்கள் செம்பு ஆணி அடிக்க மாட்டார்கள். கடல் நீருக்குப் பயந்து கப்பல் கட்டுகிறவர்கள்தான் அடிப்பார்கள். கூடவே இன்னொரு வரி: "விட்டம் தொய்ஞ்சிடுச்சுன்னு கூடத்தை இடிக்கப் போறாங்க சார். அடுத்த மாசக் கடைசியில என் தம்பி கல்யாணம் அங்கதான் வெச்சிருந்தோம்." அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

சென்னையிலிருந்து பங்காருபேட்டை ஏறக்குறைய 290 கிலோமீட்டர். காலையில் பெங்களூரு போகும் ரயில் ஏதாவது ஒன்றைப் பிடித்தால் ஐந்து மணி நேரம். அங்கிருந்து மாரிகுப்பம் வரை தனி ரயில் பாதை உண்டு, ஆனால் அந்த வண்டிகள் பெங்களூரு வேலைக்குப் போய் வருகிறவர்களுக்காக ஓடுபவை. காலையில் அந்தப் பக்கம், மாலையில் இந்தப் பக்கம். பகலில் வருகிற நமக்குப் பேருந்துதான். சுமார் பதினைந்து கிலோமீட்டர், அரை மணி நேரம், இருபத்தைந்து ரூபாய். நடத்துநர் எனக்கு முன்னால் இருந்த அம்மாவிடம் தெலுங்கிலும் பின்னால் இருந்த பையனிடம் கன்னடத்திலும் சில்லறை கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் "எங்க போணும்?" என்றார்.

பேருந்து நிலையத்தில் கௌதமி ஸ்கூட்டியோடு நின்றிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பெங்களூருவில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறார். "வாங்க சார், வெயில்ல வந்துட்டீங்க. சாப்ட்டீங்களா?" என்றார். சாப்பிடவில்லை. போகிற வழியில் ஒரு கடையில் நிறுத்தி இட்லியும் ஆட்டுக்கால் பாயாவும் வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க விடவில்லை. தங்கவயலுக்குப் போகிறவர்கள் இந்தப் பாயாவைத் தவறவிடாதீர்கள்.

விகாரை இருக்கிற பாலகாட், தங்கவயலின் பழைய சுரங்கப் பகுதிகளில் ஒன்று; அங்கே போகும் வழியெல்லாம் சயனைடு மேடுகள் வெளுத்துக் கிடக்கின்றன. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண். நடுவில் மூடிய சுரங்கங்களின் இரும்புக் கோபுரங்கள், வரிசையாக லைன் வீடுகள். விகாரை சின்னது, வெள்ளை அடித்தது. அதை ஒட்டிக் கருங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக அந்தக் கூடம். சுரங்க வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்து வந்து பௌத்தத்துக்கு மாறிய குடும்பங்கள், ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் தாங்களே கட்டியது என்றார் கௌதமி. பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி, கூட்டம், கல்யாணம், துக்கம் எல்லாம் இங்கேதான்.

வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கூடத்தின் செயலாளர் தம்மராஜ். அறுபத்தெட்டு வயது. சுரங்கத்தில் மரத்தாங்கல் வைக்கும் கும்பலில் வேலை பார்த்தவர், இப்போது பென்ஷன். இன்னொருவர் பங்காருபேட்டையிலிருந்து வந்த இன்ஜினியர் மஞ்சுநாத், இளைஞர். விட்டம் நடுவில் நான்கு அங்குலம் இறங்கியிருக்கிறது, கூடத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

தம்மராஜ் சுற்றி வளைக்கவில்லை. "சார், கௌதமி ஆசைப்பட்டுக் கூப்ட்டிருக்குது. கப்பலா இருந்தா சந்தோசம். ஆனா நான் அண்டர்கிரவுண்ட்ல இருபத்தஞ்சு வருசம் இருந்தவன். மேல இருக்கிறது எப்போ வுழும்னு யாருக்கும் தெரியாது. என் கண் முன்னாடி ரெண்டு பேரு போய்ட்டாங்க. இதுக்குக் கீழ ஐந்நூறு பேரை உக்கார வெச்சு சோறு போட என்னால ஆவாது."

அவர் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. நானும் அதே தொழில்தான், சந்தேகம் இருந்தால் கப்பலைக் கிளம்ப விடமாட்டேன். "பார்த்துட்டுச் சொல்றேன் ஐயா. மோசமா இருந்தா நானே இடிக்கச் சொல்லுவேன்" என்றேன். கௌதமியின் முகம் சற்று வாடியது.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்ததும், மஞ்சுநாத் எழுதியது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஓர் அடிக்கு மேல் கனமுள்ள விட்டம் சுவரிலிருந்து சுவருக்கு ஓடுகிறது, நடுவில் தெளிவாகத் தொய்ந்திருக்கிறது. நீல பெயின்ட் பல தடவை அடித்ததில் எண் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஏணி வைத்து ஏறினேன். எண்ணுக்கு இரண்டு பக்கமும் பெயின்டைச் சுரண்டலாமா என்று கேட்டேன். தம்மராஜ் தலையசைத்தார்.

கால் மணி நேரம் சுரண்டியிருப்பேன். முதலில் வந்தது ஓர் எழுத்து, N. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு o. நம்பர் என்பதன் சுருக்கம். ஆனால் அது எண்ணுக்கு முன்னால் இல்லை, பின்னால் இருந்தது. அந்த o-வும் மேலே நிற்காமல் காலடியில் கிடந்தது. ஏணியை நகர்த்தி எண்ணின் மறுபக்கம் சுரண்டினேன். TONS என்ற சொல் பின்னாலிருந்து முன்னாகத் தெரிந்தது, அதில் T தலைகீழாக நின்றது.

ஏணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்ணில் இருந்தவை 8, 6, 9, 1, பிறகு நான் இங்கே சொல்லாத நடு இலக்கம். எல்லாமே கவிழ்த்தாலும் எண்ணாகவே படிக்கக்கூடிய இலக்கங்கள். இத்தனை வருடமாக ஊரே அதைக் கவிழ்த்துப் படித்திருக்கிறது. நானும் சென்னையில் உட்கார்ந்து கவிழ்த்துத்தான் படித்தேன். சரியாகப் படித்தால் அது 16 என்று தொடங்கி 98 என்று முடிகிறது.

"கௌதமி, செல்லை எடுங்க. நான் சொல்ற நம்பரைப் போடுங்க."

சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கிருந்தே படித்தார். "பேரு பெகு மெய்ட். மரக்கப்பல். கட்டுன இடம் மௌல்மெய்ன், பர்மா." டன் கணக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். நானூற்றுச் சொச்சம் சொன்னார். நான் சுரண்டிய இடத்திலும் அதே எண்தான், தலைகீழாக.

தம்மராஜ் கீழே இருந்து கேட்டார், "அப்போ கப்பல்தானா சார்?"

"கப்பல்தான் ஐயா. ஆனா விட்டம் குப்புறக் கெடக்குது."

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அடுத்த விஷயம் உறைத்தது. கப்பலின் மேல்தளம் நடுவில் கொஞ்சம் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். அலைத் தண்ணீர் வடிந்து ஓடுவதற்காக. அதனால் தளத்தைத் தாங்கும் விட்டத்தையும் வில்போல மேல்நோக்கி வளைத்துத்தான் செதுக்குவார்கள். அதைக் கவிழ்த்து வைத்தால் எப்படித் தெரியும்? நடுவில் தொய்ந்த மாதிரித்தான்.

மஞ்சுநாத்தை மேலே கூப்பிட்டேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. "வளைவு முதல்லயே இருந்திருக்கலாம் சார். அதுக்கு மேல இன்னும் இறங்கியிருக்கலாம் அல்லவா? நோடோணா" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். அவரே ஏணியை நடுவுக்குத் தள்ளி, விட்டத்துக்கும் கூரைச் சட்டங்களுக்கும் நடுவே டார்ச் அடித்தார். அங்கே சின்னச் சின்ன மரக்கட்டைகள் செருகியிருந்தன. நடுவில் நான்கு அங்குல உயரம், ஓரம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. பழைய கையடி ஆணிகள், எதுவும் பிடுங்கி மறுபடி அடித்ததாகத் தெரியவில்லை. கூடம் கட்டிய அன்றே விட்டம் நடுவில் தாழ்ந்திருக்கிறது, கட்டியவர்கள் கட்டை வைத்து மட்டம் பார்த்திருக்கிறார்கள். பிறகு இறங்கியிருந்தால் கூரையும் கூடவே இறங்கியிருக்கும். கூரையோ நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

மஞ்சுநாத் கட்டைகள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கீழே இறங்கி, "நடு பாகம் பயமில்ல" என்று கன்னடத்தில் தனக்குத்தானே சொல்லி, பிறகு தமிழில் தம்மராஜிடம் சொன்னார்.

"இன்னாத்துக்குக் குப்புற வெச்சாங்க?" என்றார் தம்மராஜ்.

கீழ்ப்பக்கத்தில் கப்பலின் இரும்புகளுக்குப் போட்ட துளைகள் ஏற்கெனவே இருந்ததால், கூரையை அதில் முடுக்க வசதி என்று கவிழ்த்திருக்கலாம் என்று என் ஊகத்தைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் இல்ல சார். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து ஏத்தியிருப்பானுங்க. ஏத்துன பிறகு பார்த்திருப்பானுங்க. மறுபடி யாரு எறக்குறது?" என்று சொல்லிச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் வேலை முடியவில்லை. சுத்தியலால் விட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டு போனேன். நல்ல தேக்கு மணி மாதிரி பதில் சொல்லும். கிழக்கு முனையிலிருந்து முக்கால் பங்கு வரை அப்படித்தான். மேற்குச் சுவரை நெருங்கும்போது சத்தம் மந்தமானது. கையால் திருகும் துளைப்பானை வைத்தேன். மற்ற இடங்களில் எண்ணெய்ப் பசையோடு பொன்னிறச் சுருள் வந்தது, தேக்கு வாசம் கூடமெல்லாம் அடித்தது. சுவருக்குள் போகும் இடத்தில் மட்டும் ஈரமான பழுப்புத் தூள். உடைந்த ஓட்டு வழியாக வருடக்கணக்கில் மழை இறங்கியிருக்கிறது. முனை இற்றுப்போய்விட்டது.

மூன்று பேரிடமும் உள்ளதைச் சொன்னேன். நடு பாகத்துக்குப் பயமில்லை. ஆனால் மேற்கு முனை கெட்டுவிட்டது, இப்படியே விட்டால் ஒருநாள் சுவரை விட்டு நழுவும். தம்மராஜ் சந்தேகப்பட்டது வீண் இல்லை. மஞ்சுநாத் கூடத்தைப் பூட்டச் சொன்னதும் நல்லதுதான். ஆனால் இடிக்க வேண்டியதில்லை. கெட்ட பகுதிக்கு முன்னால், நல்ல மரத்தின் கீழே ஒரு தூண் நிறுத்தினால் போதும்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆவுமா?" என்றார் கௌதமி.

மஞ்சுநாத் தூண் நிற்க வேண்டிய இடத்தைக் காலடியால் அளந்தார். "பூதிகோட்டையில எங்க மாமா பழைய மாட்டுக்கொட்டகையைப் பிரிக்கிறாரு. கல் தூண் இருக்கு. கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

மதியம் கௌதமி வீட்டில் சாப்பாடு. அவர் அம்மா கருவாட்டுக் குழம்பும் களியும் செய்திருந்தார். தம்மராஜும் வந்தார். சாப்பிட்டுக்கொண்டே பழைய பத்திரிகைகளின் கப்பல் செய்திகளைத் தேடினேன், சென்னை திரும்பிய பிறகும் பல நாள் தேடினேன். கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெகு மெய்ட் மூன்று பாய்மரக் கப்பல். பர்மியத் தேக்கில் செய்தது, அதனால்தான் அதே காலத்து ஓக் மரக் கப்பல்கள் மட்கிப்போன பிறகும் அது மிதந்தது. ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றிச் சென்னைக்கு வரும். சென்னையில் பஞ்சும் அவுரியும் தோலும் ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி லண்டன் போகும். திரும்பும்போது இரும்பு, நிலக்கரி, சாராயம். அப்போது சென்னையில் கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிச் சரக்கு போய் வரும். நடுவில் சில பயணங்கள் மொரிஷியஸுக்கு. அந்தப் பயணங்களில் சரக்கு என்ற இடத்தில் ஆட்கள் என்று போட்டிருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டு அழைத்துப்போன தமிழர்கள், தெலுங்கர்கள். மேல்தளத்துக்குக் கீழே, சரக்கறைக்கு மேலே, பலகை அடித்து அவர்களைப் படுக்க வைத்தார்கள். இந்த விட்டம் அவர்கள் தலைக்கு மேலேதான் இருந்தது.

நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு பெகு மெய்டுக்கு நல்ல சரக்கு கிடைக்கவில்லை. கரையோரமாக உப்பும் நெல்லும் சுமந்தது. கடைசியில் பாய்மரங்களைக் கழற்றிவிட்டு, சென்னையில் நிலக்கரிக் கிடங்காக நிறுத்தி வைத்தார்கள். பிறகு உடைத்து விற்றிருக்க வேண்டும். சுரங்கத்துக்கு மரம் எவ்வளவு வந்தாலும் போதாது, பங்காருபேட்டைக்கு ரயிலும் வந்துவிட்டது. அப்படித்தான் இந்த மரம் இங்கே ஏறி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கடைசிப் பகுதிக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

மொரிஷியஸ் பயணம் ஒன்று அன்று சாப்பிடும்போதே கிடைத்துவிட்டது; அதைச் சொன்னபோது தம்மராஜ் குழம்பில் வைத்த கையை எடுக்கவில்லை. "மோரிசுக்குப் போனாங்கன்னு எங்க வீட்லயும் சொல்லுவாங்க சார். எங்க தாத்தாவோட பெரியப்பா. பேரு கூடத் தெரியாது. போனவரு வரல" என்றார். அதே கப்பலில்தான் போனாரா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. ஆனால் மாலையில் நான் கிளம்பும்போது பூட்டிய கூடத்தை அவர் திறந்து, விட்டத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் தனியாக நின்றார். கௌதமி என்னை ஜாடையால் வெளியே அழைத்துப்போனார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள், விகாரையில் வழிபாடு முடிந்ததும் கூடத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். பாலகாட்டில் யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள், தமிழே போதும். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ 150 ரூபாய் கேட்கிறார்கள், ஷேர் ஆட்டோவில் இருபதில் போகலாம். செருப்பை வாசலில் விடுங்கள். விட்டத்தைப் படம் எடுக்கலாம், மரத்தில் ஆணியோ சாவியோ வைத்துக் கீறிப் பார்க்காதீர்கள். சுரங்க வாசல்களுக்குள் நுழைய அனுமதி கிடையாது, வேலியைத் தாண்டாதீர்கள். சயனைடு மேட்டில் ஏறிப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம், காற்றடித்தால் அந்தத் தூள் நெஞ்சில் இறங்கும். மாலையில் திரும்பவும் மாரிகுப்பம் ரயிலை நம்பாதீர்கள், பங்காருபேட்டை வரை இரவு எட்டு மணிக்குப் பிறகும் பேருந்து இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் கல்யாணத்துக்கு மறுபடியும் போனேன். பூதிகோட்டைக் கல் தூண் மேற்கு ஓரத்தில் நின்றது, மாடு கட்டிய கயிறு தேய்த்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது. மஞ்சுநாத் ஓடுகளையும் மாற்றியிருந்தார். விட்டத்தின் நீல பெயின்டைச் சுரண்டி எண்ணெய் பூசியிருந்தார்கள். ஓடு மாற்றியபோது அதை நிமிர்த்தி வைக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்ததாம். தாத்தாக்கள் வைத்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

காலை பத்து மணிக்குப் பஞ்சசீலம் சொல்லத் தொடங்கியபோது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தில் பிக்கு சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. கௌதமியின் தம்பியும் பெண்ணும் மாலை மாற்றினார்கள். எல்லாரும் அவர்களைப் பார்த்தார்கள். தம்மராஜ் மட்டும் வெள்ளைச் சட்டையில் தூணுக்குப் பக்கத்தில் நின்று மேற்கு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டுக் கொடுத்தவர்களிடம் வேண்டாம் என்று கை காட்டினார். ஒருதரம் சுவரை உள்ளங்கையால் தடவி, கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்திருந்தது போலிருக்கிறது, வேட்டியில் துடைத்துக்கொள்ளவில்லை.

மழை ஒன்றரை மணி நேரம் விடாமல் பெய்தது. பந்தி போட்டார்கள். என்னைக் கௌதமி ஓரத்தில் உட்கார வைத்தார். இலை போட்டு முடித்தபோது தம்மராஜ் தூணை விட்டு வந்தார். எங்கே உட்காருவது என்று தேடவில்லை. நேராக நடு வரிசைக்கு வந்து, விட்டம் தாழ்ந்திருக்கும் இடத்துக்குச் சரியாகக் கீழே உட்கார்ந்தார். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. பரிமாற வந்த பெண்ணிடம், "பிரியாணி கொஞ்சம் சேத்துப் போடும்மா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல" என்றார்.